யோகா செய்தால் நடை வேண்டாமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 49. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரிக்கிற வேலை, இருபது வருடமாக. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை எடுக்கிறார். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் விடிந்ததும் சானல்கரையில் (கால்வாய்க் கரையில்) 40 நிமிடம் வேகமாக நடப்பாராம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஊரில் இலவச யோகா வகுப்பு தொடங்கியது, சேர்ந்துகொண்டார். "உடற்பயிற்சி சக்தியைச் செலவழிக்கும், ஆசனம் சக்தியைச் சேர்க்கும், இரண்டையும் கலக்காதீங்க" என்று அங்குள்ள மாஸ்டர் சொன்னதைக் கேட்டு நடையை விட்டுவிட்டார்.

இப்போது தூக்கம் நன்றாக வருகிறது, கழுத்து வலி குறைந்திருக்கிறது, வீட்டில் எரிந்து விழுவதும் குறைந்திருக்கிறது என்று எழுதுகிறார். ஆனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.2-லிருந்து 8.1-க்கு ஏறிவிட்டது. வஜ்ராசனத்தில் உட்கார்ந்து எழுந்தால் முட்டு வலிக்கிறது. "ஆறு மாசத்துல மாத்திரையே வேண்டாம்" என்று மாஸ்டர் சொன்னதால், இரண்டு மாதமாக இரவு மாத்திரையை அவராகவே நிறுத்தியிருக்கிறார். அடுத்த மாதம் சிரசாசனம் சொல்லித் தரப்போகிறார்களாம்.

வீட்டில் வேறு வழக்கு. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுபவர். "தினமும் முன்னூறு மரம் வெட்டுறவனுக்கு யோகா எதுக்கு?" என்கிறார், ஆனால் சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மார்த்தாண்டத்தில் ஜிம்முக்குப் போகிற 23 வயது மகனோ, "அம்மா செய்றது எக்சர்சைஸே இல்ல, பாயில படுக்கிறது" என்கிறான். சர்ச் சபையில் ஒருவர் வகுப்பில் ஓம் சொல்வதைப் பற்றி முகம் சுளித்ததையும் குறிப்பிட்டு, "ஓம் சொல்லாமல் செய்தால் பலன் குறையுமா?" என்று கேட்கிறார். கடைசியில் அவருடைய பெரிய கேள்வி: ஆசனமும் உடற்பயிற்சியும் ஒன்றா, வேறா? ஒன்று இருந்தால் மற்றது வேண்டாமா?

சகோதரி, கேள்விக்கு வருவதற்கு முன்னால் அந்த இரவு மாத்திரை. இந்த வாரமே உங்களுக்கு மருந்து எழுதிய டாக்டரைப் பாருங்கள். இரண்டு மாதமாக நிறுத்தியிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் இயன்முறை மருத்துவர், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை. யோகா மாஸ்டரின் வேலையும் இல்லை. 8.1 என்று வந்ததில் நடையை விட்டதன் பங்கு எவ்வளவு, மாத்திரையை விட்டதன் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. யோகாவால்தான் ஏறியது என்று மகன் சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

ஒரே நிலை, இரண்டு வேலை

ஆசனமும் உடற்பயிற்சியும் வேறு. ஆனால் உங்கள் மாஸ்டர் சொன்ன விதத்தில் வேறு அல்ல.

உத்கடாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிற்பது. உங்கள் மகன் ஜிம்மில் செய்கிற ஸ்குவாட்டும் பார்வைக்கு அதேதான். போட்டோ எடுத்து அருகருகே வைத்தால் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. மகன் தோளில் எடையை வைத்துப் பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கி ஏறுகிறான். தொடைத்தசை நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. போன மாதம் 40 கிலோ என்றால் இந்த மாதம் 45. அதாவது, பழகிய சுமை லேசாகத் தோன்றும்போது சுமையைக் கூட்டுவது. தசையும் எலும்பும் கெட்டிப்படுவது இந்த வழியில்தான்.

நீங்கள் ஒரு தடவை இறங்கி அங்கேயே நிற்கிறீர்கள். நாலைந்து மூச்சு. தசை நீளம் மாறாமல் இறுகி நிற்கிறது. முதல் நாள் தொடை நடுங்கும், பல்லைக் கடிப்பீர்கள், தோள் காதுவரை ஏறும். மூன்று மாதம் கழித்து அதே நிலையில் முகம் தளர்ந்திருக்கும், தோள் இறங்கியிருக்கும், மூச்சு சீராக ஓடும். நிலை மாறவில்லை, சுமை கூடவில்லை. அந்த நிலைக்குத் தேவையில்லாத முயற்சி ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணமும் இதுவே: நிலையாகவும் சுகமாகவும் இருப்பது, முயற்சி தளர்வது. ஜிம்மில் வளர்ச்சி என்பது கூடிக்கொண்டே போகும் சுமை, ஆசனத்தில் வளர்ச்சி என்பது குறைந்துகொண்டே வரும் சிரமம். இரண்டும் உடம்பிடம் கேட்பது வேறு வேறு. அதனால் கிடைப்பதும் வேறு வேறு.

மெதுவாகப் போய் நிற்பதற்கு உடற்கூறு ரீதியாகவும் காரணம் உண்டு. தசைக்குள் நீட்சியை உணர்கிற நுண்ணிய நரம்பு அமைப்பு இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் தசை அறுந்துவிடக் கூடாதே என்று அது எதிர்த்துச் சுருங்கும். மெல்லப் போய் நின்றால் எதிர்ப்பு அடங்கும். பள்ளிக்கூட டிரில்லில் "ஒன், டூ" என்று குதித்துக் குதித்துக் கால்விரலைத் தொட்டபோது எட்டாதது, பச்சிமோத்தாசனத்தில் மூச்சை விட்டு விட்டுக் குனிந்தால் எட்டுவது இதனால்தான். நீளமாக மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும், உடம்பு ஓய்வு நிலைக்குத் திரும்பும். உங்கள் தூக்கமும் கோபமும் சீரானது வெறும் மனப்பிரமை இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள். இதற்காகவே வகுப்பை விடாதீர்கள் என்பேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தசையை இறுக்கி நிற்கிற எந்த நிலையிலும் பி.பி. தற்காலிகமாக ஏறும். மூச்சையும் அடக்கினால் இன்னும் ஏறும். உங்களுக்கு பி.பி. இருப்பதால், நின்று செய்கிற ஆசனங்களில் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வாய்விட்டு எண்ண முடிகிற அளவுக்கு நில்லுங்கள், எண்ண முடியவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

சக்தி சேருகிறதா?

வகுப்பு முடிந்து சவாசனத்திலிருந்து எழும்போது களைப்பே இல்லாமல் இருக்கிறது, அது உண்மை. அதிலிருந்து "சக்தி சேர்ந்துவிட்டது" என்று முடிவுக்கு வந்ததுதான் பிசகு. களைப்பு இல்லாததற்கு ஒரு காரணம், அதிகம் செலவாகவில்லை என்பது. சும்மா உட்கார்ந்திருக்கையில் உடம்பு செலவிடும் ஆற்றலை 1 என்று வைத்தால், மெதுவாகச் செய்யும் ஹட யோக வகுப்புக்கு ஏறக்குறைய 2.5 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சூரிய நமஸ்காரத்துக்கு 3.3. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 4.3. மிதமான உழைப்பு என்ற கோடு 3-ல் தொடங்குகிறது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நீங்கள் சானல்கரையில் நடந்தது வாரம் ஆறு நாள் என்றால் 240 நிமிடம். அதை விட்டு, கோட்டுக்குக் கீழே இருக்கிற ஒன்றை அந்த இடத்தில் வைத்தீர்கள். சர்க்கரை நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலின் பெரிய தசைகள் சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடையின் மருந்துக் குணம் அதுதான்.

"அர்த்த மத்ஸ்யேந்திராசனம் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும்" என்று மாஸ்டர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதுகைத் திருப்புவதால் கணையம் துணி மாதிரி பிழியப்படுவதில்லை. மருந்தோடும் நடையோடும் யோகாவைச் சேர்த்துச் செய்பவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மன இறுக்கம் தணிவது, தூக்கம், ஒழுங்காகச் சாப்பிடுவது எல்லாம் அதில் பங்கு வகிக்கலாம். "சேர்த்து" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் கலக்கக் கூடாது என்ற பயமும் வேண்டாம். வரலாற்றிலேயே கலந்தாயிற்று. ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய நூல் 15 ஆசனங்களைச் சொல்கிறது. பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை, நின்று செய்வது ஒன்றுகூட இல்லை. இன்று எல்லா வகுப்பிலும் முதலில் சொல்லித் தருகிற சூரிய நமஸ்காரம் 1920-களில் அவுந்த் சமஸ்தானத்து ராஜா உடற்பயிற்சியாகவே பரப்பியது. அடிமுறை என்ற நம் ஊர்த் தற்காப்புக் கலையின் களரியில் சுவடு (காலடி நிலை) வைத்துப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்து நிற்பது, திரும்புவது, மூச்சு, கவனம் எல்லாம் அதில் இருக்கிறது. அதை ஆசனம் என்பதா, உடற்பயிற்சி என்பதா? பழகுகிற பையன்களுக்கு அந்தக் கவலையே கிடையாது.

முட்டும் தலைகீழும்

அண்டி ஆபீசில் நாள் முழுக்கக் கால் மடக்கி உட்காருகிறீர்கள். சாயங்காலம் வந்து வஜ்ராசனத்தில் மறுபடி மடக்குகிறீர்கள். முழங்காலை முழுக்க மடக்கும்போது முட்டுச்சிரட்டை தொடையெலும்போடு அழுந்தும் அழுத்தம் கூடும். இந்த முட்டுக்கு இன்னும் ஒரு மடக்கல் எதற்கு? வஜ்ராசனம், பத்மாசனம் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். மூச்சுப் பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் ஒன்றும் குறைந்துபோகாது. பத்மாசனத்தில் இடுப்பு மூட்டு திரும்ப மறுத்தால் அந்தத் திருகலை முட்டு வாங்கிக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் முட்டுக்குத் தேவை தொடைத்தசையின் வலு. கை வைத்த கனமான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். மெதுவாக இறங்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரம் மூன்று நாள். லேசாகத் தோன்றும்போது கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிவது வேகமெடுக்கும், எலும்புக்குச் சுமை பழக்கம் வேண்டும். ஆசனம் நிதானத்தைத் தரும், விழாமல் காக்கும், ஆனால் இந்த வலுவை அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. பயிற்சி செய்த மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால், அல்லது முட்டு வீங்கினால், நிறுத்திவிட்டு ஒரு தடவை நேரில் காட்டுங்கள்.

சிரசாசனம் வேண்டாம். இதில் சமரசம் செய்ய மாட்டேன். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதைச் சென்னையில் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். வலி இருக்காது, பார்வையும் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும். கடைசியாக எப்போது விழித்திரையைப் பார்த்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கூடவே பி.பி., பழக்கமில்லாத கழுத்து. வகுப்பில் எல்லோரும் செய்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். "எனக்கு இது வேண்டாம் மாஸ்டர்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வகுப்பில் சேரும்போது உங்கள் நோய்களை அவர் கேட்டுக் குறித்துக்கொண்டாரா? கேட்கவில்லையென்றால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்த பிறகும் சிரசாசனத்தை வற்புறுத்தினால் வேறு வகுப்பு பாருங்கள்.

ஓம் பற்றிக் கேட்டீர்கள். ஓம் சொல்லும்போது உடம்புக்கு நடப்பது மூச்சு நீளமாக வெளியேறுவதுதான். வாயை மூடி 'ம்ம்' என்று இழுத்தாலும், மனதுக்குள் ஆறு வரை எண்ணி மூச்சை விட்டாலும் அது நடக்கும். சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சி முடிவு செய்யட்டும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் உடம்பு அளவில் நஷ்டம் இல்லை.

வீட்டுக்காரருக்கு

அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். வருடம் போகப் போகப் பட்டை கீழே இறங்கும், வெட்டுபவரின் முதுகும் அதோடு இறங்கும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரே கோணத்தில் பிடித்து, சரிவான நிலத்தில் ஒரே பக்கமாகத் திரும்பி மரத்தைச் சுற்றுகிறார். முன்னூறு தடவை குனிந்தவர் ஒரு தடவையாவது பின்னால் வளைந்தாரா என்று கேளுங்கள். பயிற்சி என்றால் எல்லாப் பக்கமும் அசைத்து, அளவு பார்த்துக் கூட்டி, இடையில் ஓய்வு கொடுப்பது. பால் வெட்டு அவர் முதுகுக்கு இந்த மூன்றையும் தருவதில்லை.

அவரை வகுப்புக்கு இழுக்க வேண்டாம், வர மாட்டார். இருபது மரத்துக்கு ஒரு தடவை கையை இடுப்பின் பின்புறம் வைத்து ஐந்து தடவை மெல்லப் பின்னால் சாயச் சொல்லுங்கள். பால் எடுத்து ஷீட் அடித்து வீட்டுக்கு வந்த பிறகு பாயில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம் இருக்கட்டும். புஜங்காசனத்தின் எளிய வடிவம் அது, அந்தப் பெயரைச் சொல்லாமலே செய்ய வைக்கலாம். தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலை ஊன்றி இறங்கலாம். பின்னால் சாயும்போது வலி காலுக்கு இறங்கினால் இவை எதுவும் வேண்டாம். கால் மரத்துப்போவது, பாதம் தொய்வது, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் எண்ணெய் தடவி நீவிவிடுகிற தடவலுக்காக நாட்டு வைத்தியம் செய்யும் ஆசானிடம் போய் நாளைக் கடத்தக் கூடாது.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கனமான எடை தூக்குவதற்கு முன்னால் ஒரு நிலையில் நீண்ட நேரம் தசையை இழுத்து நின்றால் பலம் தற்காலிகமாகக் கொஞ்சம் குறையும். அந்த அளவில் அவன் யோகாவை ஒதுக்குவதில் நியாயம் உண்டு. எடையை அரைகுறையாக இல்லாமல் முழு வீச்சில் ஏற்றி இறக்கினால் உடம்பு வளைந்துகொடுப்பதும் கூடும், அது ஆசனத்தின் தனிச் சொத்து இல்லை. ஆனால் பயிற்சி முடிந்த பிறகு பத்து நிமிடம் அம்மாவோடு பாயில் படுத்து மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள். சும்மா படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

உங்கள் வாரம்

காலை நடைக்குத் திரும்புங்கள். எட்டு மாத இடைவெளி என்பதால் முதல் வாரம் 15 நிமிடம், பிறகு வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். மாத்திரையும் நடையும் ஒன்றாகத் திரும்பத் தொடங்கும் நாட்களில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் வாயில் போட்டுக்கொள்ள இரண்டு மிட்டாய் மடியில் இருக்கட்டும். வெறுங்காலில் நடக்காதீர்கள், வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். மழை பிடித்துக்கொண்டால் வராந்தாவிலேயே நடக்கலாம். அண்டி ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் முற்றத்தைச் சுற்றி வந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு நல்லது, மடங்கிய முட்டுக்கும் ஓய்வு. நாற்காலிப் பயிற்சி மூன்று நாள். யோகா வகுப்பு எப்போதும் போல. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பரிசோதியுங்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, சர்க்கரை நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வெயிலும் கூசும். தனியாகப் போய்ப் பஸ் ஏறித் திண்டாடாமல் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜிம்முக்கு ஒரு நாள் லீவு போட்டால் தசை ஒன்றும் கரைந்துவிடாது.